பச்சை பிடித்த சரிவும் நழுவும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீலகிரி மலைச்சாலைகளில் செங்குத்தாக வெட்டிய மண் முகங்களில் இரும்பு ஆணி அடித்து, கம்பிவலை போர்த்தி, மேலே விதைக் குழம்பு பீய்ச்சும் வேலை சில ஆண்டுகளாக நடக்கிறது. சாயில் நெய்லிங், ஹைட்ரோ சீடிங் என்ற பெயர்கள் இப்போது டீக்கடை வரை வந்துவிட்டன. ஆறேழு வாரத்தில் புல் பச்சை கட்டும். படம் எடுத்துப் போடுவார்கள். வெறும் கான்கிரீட் சுவரைவிட இது நல்ல வழி, அதில் சந்தேகமில்லை. ஆனால் படத்தில் தெரிகிற புல்லை வைத்து அந்தச் சரிவு நிற்கும் என்று முடிவு கட்டிவிட முடியாது. உள்ளே நீர் எங்கே போகிறது, எந்த மாதத்தில் நட்டார்கள் என்பவைதான் அதைத் தீர்மானிக்கின்றன. இரண்டும் படத்தில் விழாது. அதனால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மழையில் மண் கனத்துப்போவதால் சரிகிறது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். கனம் சின்னப் பங்கு. பெரிய பங்கு மண் துகள்களுக்கு நடுவே நிரம்பும் நீரின் அழுத்தம். நீலகிரியின் அடிப்பாறையான சார்னோகைட் மக்கி, பல மீட்டர் தடிமனுக்குச் சிவந்த மண்ணாகக் கிடக்கிறது. கீழே போகப் போக அது களிமண் போல வழவழப்பாகும். மழைநீர் மேல்மண்ணுக்குள் வேகமாக இறங்கி, நீர் புகாத அடுக்கு வந்ததும் அதன்மேல் தேங்கும். தேங்கிய நீர் துகள்களைத் தூக்கிப் பிடிக்க, ஒன்றோடொன்று உராய்ந்து நிற்கும் பலம் போய்விடும். ஒட்டுத்தன்மை இல்லாத மண்ணாக இருந்து, நீர்மட்டம் தரைவரை ஏறிச் சரிவை ஒட்டியே ஓடினால், அந்தச் சரிவு நிற்பதற்கான பாதுகாப்புக் கெழு (தாங்கும் விசையை இறக்கும் விசையால் வகுத்த எண்) ஏறத்தாழப் பாதியாகிவிடும். உலர்ந்திருக்கும்போது 1.5 இருந்த இடம் 0.75-க்கு வந்துவிடும். 1-க்குக் கீழே வந்தால் இறங்கத்தான் செய்யும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. பெய்தபோது குன்னூர், கோத்தகிரி, உதகை வட்டாரங்களில் நடந்தது இதுதான். நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1993 நவம்பரில் மரப்பாலத்தில் சாலையையும் ரயில் பாதையையும் அடித்துச்சென்ற சரிவுக்கும் இதே கணக்குதான்.

எனவே முதல் செலவு நீருக்கு. வெட்டு முகத்தின் உச்சியிலிருந்து 3 முதல் 5 மீட்டர் பின்தள்ளி ஒரு மேல்முகட்டு வடிகால் வேண்டும். கேட்ச் டிரெயின் என்று எஸ்டிமேட்டில் எழுதுவார்கள். அடியிலும் பக்கத்திலும் பூச்சு உள்ளதாக, நூற்றுக்கு 1 முதல் 3 வரை வாட்டத்தோடு, இயற்கை ஓடையில் போய் விழுவதாக அது இருக்க வேண்டும். பூச்சில்லாமல் வெறும் மண்ணில் வெட்டிய வடிகால், வடிகாலே இல்லாததைவிட மோசம். மேலே பரவலாக ஓடிப்போயிருக்கும் நீரையெல்லாம் ஒரே கோட்டில் சேர்த்து, சரிவின் தலையிலேயே உறிஞ்சவைக்கும். பூசிய வடிகாலும் விரிசல் விட்டால் அதே கதிதான். அந்த விரிசல் பெரும்பாலும் மண் நகரத் தொடங்கிய இடத்தில்தான் விழும். ஆகவே ஒவ்வொரு மே மாதமும் ஒருவர் மேலே ஏறி வடிகால் நெடுக நடந்து பார்க்க வேண்டும். சாலையில் நின்று பார்த்தால் அது கண்ணுக்கே படாது.

அடுத்து, தடுப்புச் சுவரின் கசிவுத் துளைகள். அடைமழை நாளில் ஒரு சுவரின் முன் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். ஒரு துளையிலும் சொட்டு நீர் இராது. சுவர் முடிகிற ஓரத்தில் மட்டும் செம்மண் கலங்கல் கொப்பளித்து வரும். சுவருக்குப் பின்னால் நீர் இருக்கிறது, துளைக்கு வரத்தான் வழியில்லை என்பதற்கு அதுவே சாட்சி. துளை 100 மி.மீ. குழாயாக, ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக, வரிசைக்கு வரிசை விலக்கி, வெளிப்பக்கம் சாய்வாக இருந்தால் மட்டும் போதாது. அதன் பின்னால் 60 செ.மீ. அளவுக்குச் சல்லியும் கல்லும் படிப்படியாக அடுக்கிய வடிகட்டி இருக்க வேண்டும். அந்த இடத்தில் வெட்டியெடுத்த களிமண்ணையே திருப்பிக் கொட்டி மூடிவிட்டால் முதல் மழையிலேயே துளை அடைத்துக்கொள்ளும். சுவர் கட்டி முடித்தபின் இதை யாராலும் சோதிக்க முடியாது. கட்டும்போது எடுத்த படங்களை எம் புக்கோடு (வேலையின் அளவுப் பதிவேடு) சேர்த்து வைத்தால் ஒழிய இந்தத் திருட்டு பிடிபடாது.

ஆணி அடிப்பதிலும் மறைந்து நிற்கும் தவறு ஒன்று உண்டு. 25 அல்லது 32 மி.மீ. முறுக்குக் கம்பியை 100 மி.மீ. துளையில், பத்துப் பதினைந்து டிகிரி கீழ்நோக்கிச் செருகி, சிமெண்ட் பால் நிரப்புவார்கள். நீளம் இடத்தைப் பொறுத்து 6 முதல் 12 மீட்டர் வரை போகும். குழாயைத் துளையின் அடிவரை விட்டு, அங்கிருந்து நிரப்பிக்கொண்டே வெளியே இழுக்க வேண்டும். வாயில் வைத்து ஊற்றினால் நடுவே காற்று சிக்கும். வெளியே நிறைந்து வழிகிற ஆணி உள்ளே பாதி வெறுமையாக இருக்கும். கம்பி துளையின் நடுவில் நிற்க இடைவெளித் தாங்கிகள் வேண்டும். அவை இல்லாவிட்டால் கம்பி அடியில் படுத்துக்கொள்ளும். அந்தப் பக்கம் சிமெண்ட் உறை இராது, சில ஆண்டுகளில் துரு ஏறும். இழுத்துப் பார்க்கும் சோதனையை ஒப்பந்ததாரர் காட்டுகிற ஆணியில் செய்வதில் பயனில்லை. எந்த ஆணி என்பதைப் பொறியாளர் அன்று காலையில் தேர்ந்தெடுக்க வேண்டும்.

புல்லுக்கு வருவோம். புல், புதர் வேர்களின் பலம் பெரும்பாலும் மேல் ஒரு மீட்டருக்குள்தான். வெட்டிவேர் மட்டும் 2, 3 மீட்டர் இறங்கும். அதன் வேரின் இழுவிசை பலம் சாதாரண இரும்புக் கம்பியில் ஆறில் ஒரு பங்கு என்று அளந்திருக்கிறார்கள். ஆனால் அது வெயிலும் சூடும் கேட்கிற பயிர். கல்லாறு, பர்லியார் பக்கம் செழிக்கும். உதகையின் உயரத்தில், உறைபனியிலும் மர நிழலிலும் குன்றிப்போகும். இதைத் தெரிந்துகொள்ளாமல் மலை முழுக்க ஒரே எஸ்டிமேட்டில் வெட்டிவேர் என்று எழுதினால் மேலே நட்டதெல்லாம் வீண். அதற்காகக் கிகுயு புல்லைத் தூவுவதும் சரியல்ல. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அந்தப் புல் சீக்கிரம் பாய் விரிக்கும், படத்துக்கு அழகாக இருக்கும். வேரோ பெரும்பாலும் மேலோட்டம், உள்ளூர்ப் புல் எதையும் பக்கத்தில் வரவிடாது.

விதைக் குழம்பில் சதுர மீட்டருக்கு 20, 30 கிராம் விதை, மட்கு நார், பசை, உரம், நீர் எல்லாம் சேரும். வெட்டு முகத்தில் மேல்மண் என்பதே கிடையாது. புளிப்பு ஏறிய அடிமண்தான். குழம்பிலுள்ள உரம் தீரும்வரை, அதாவது ஒரு மாதம் ஒன்றரை மாதம், நாற்று பச்சையாக நிற்கும். பிறகு மஞ்சளாகி உட்காரும். படம் எடுப்பது முதல் கட்டத்தில். 45 டிகிரிக்கு மேல் சாய்ந்த முகத்தில் தென்னைநார் வலை இல்லாமல் குழம்பு தங்காது.

வலையிலும் சூட்சுமம் இருக்கிறது. உச்சியில் ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, வலையின் தலையை அதில் இறக்கி, மண் போட்டு மிதிக்க வேண்டும். ஒரு பாயின்மேல் அடுத்த பாய் 10, 15 செ.மீ. ஏற வேண்டும். முக்கியமாக, வலை மண்ணில் ஒட்டிக் கிடக்க வேண்டும். முகத்தைச் சமன் செய்யாமல் மேடு பள்ளத்தின்மேல் விரித்தால் பள்ளங்களில் அது கூடாரம் போலத் தொங்கும். நீர் வலைக்கு அடியில் ஓடி மண்ணைக் கீறும். மேலே நின்று பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகத் தெரியும். கையை வைத்து அழுத்திப் பாருங்கள், உள்ளே போகிற இடமெல்லாம் கெட்டுப்போன இடம்.

இப்போது மாதம். குன்னூர், கோத்தகிரி சரிவுகளுக்குப் பெருமழை அக்டோபர், நவம்பரில் வருகிறது. ஜூன், ஜூலையில் தென்மேற்கின் தூறல் மட்டுமே அங்கே எட்டும். நடுவதற்கு அதைவிட நல்ல பருவம் கிடையாது. கோடை மழை நனைத்த பிறகு, மே கடைசியிலிருந்து ஜூலைக்குள் நட்டால் பெருமழைக்கு முன் மூன்று நான்கு மாதம் வேர் ஓட நேரம் கிடைக்கும். ஆனால் வேலைகள் மார்ச் 31 கணக்கு முடிப்பை ஒட்டித்தான் வேகம் எடுக்கின்றன. பிப்ரவரியில் பீய்ச்சிய விதைக்கு மேலே பனி, கீழே காய்ந்த மண். அக்டோபரில் பீய்ச்சினால் முதல் அடைமழையில் விதை சாலையோர வாய்க்காலுக்கு வந்துசேரும். கூடலூர்ப் பக்கம் கணக்கு வேறு; தென்மேற்கே அங்கு பெருமழை, ஆகவே ஏப்ரல் மழையோடு ஆரம்பித்துவிட வேண்டும். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு நடவுக் காலம் என்பது டெண்டர் எழுதுகிறவர்களுக்குத் தொந்தரவுதான். மலை அப்படித்தான் அமைந்திருக்கிறது.

போத்து நடவு, அதாவது வேர் விடும் கிளைத்துண்டை நடுவது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் செலவு குறைந்த வழி அதுதான். அடிவாரத்தில் நொச்சி, கல்யாண முருங்கை, கிளைரிசிடியா. ஓடைக் கரைகளில் ஆற்றுப்பாலை. இரண்டிலிருந்து நான்கு செ.மீ. கனமுள்ள முற்றிய கிளையை 60 செ.மீ. முதல் ஒரு மீட்டர் வரை நறுக்கி, அடியைச் சாய்வாகவும் தலையைத் தட்டையாகவும் சீவ வேண்டும். கடப்பாரையால் முதலில் துளை போட்டு, மொட்டு மேல்நோக்கி இருக்கும்படி இறக்கி, கொட்டாப்புளியால் தட்ட வேண்டும். இரும்புச் சுத்தியல் பட்டால் தலை பிளக்கும். பிளந்த போத்து காய்ந்துவிடும், பிடுங்கி எறிவதே மேல். நீளத்தில் ஐந்தில் நான்கு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும். பாதிக்கு மேல் வெளியே நின்றால் இலை விட்டு, இருக்கிற ஈரத்தையெல்லாம் இழந்து, வேர் பிடிக்குமுன் வாடும். துளைக்கும் போத்துக்கும் நடுவே காற்று இருந்தாலும் வேர் வராது, சுற்றி மிதித்து இறுக்க வேண்டும். காலையில் வெட்டியதை மாலைக்குள் நடவேண்டும். முடியாவிட்டால் நீரில் ஊறட்டும். லாரியில் வெயிலில் இரண்டு நாள் கிடந்த போத்து எண்ணிக்கைக்குத்தான் உதவும்.

இங்கேதான் பல்கலைக்கழகங்களின் பங்கு வருகிறது. வியன்னாவில் 1872-ல் தொடங்கிய இயற்கை வள, உயிர் அறிவியல் பல்கலைக்கழகத்தில் உயிருள்ள செடிகளைக் கட்டுமானப் பொருளாகக் கையாளும் பொறியியலுக்கென்றே ஆய்வுத் துறை இருக்கிறது. ஆல்ப்ஸ் மலையில் அவர்களுக்கு வில்லோ மரம் ஒரு வரம். எப்படிக் குத்தினாலும் வேர் விடும். அந்தக் கையேட்டை அப்படியே இங்கே இறக்க முடியாது. நேபாளம் அதை நன்றாகப் புரிந்துகொண்டது. 1980-களில் தரான் - தன்குட்டா சாலையில் தொடங்கி, தங்கள் மலையில் வளரும் துடைப்பப் புல், மூங்கில் என்று சோதித்து, அந்த நாட்டுச் சாலைத் துறை தனக்கென்று கையேடும் வேலைக்கான அளவு விதிகளும் எழுதிக்கொண்டது. நமக்கு மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி இருக்கிறது, சென்னையில் ஐ.ஐ.டி.யும் அண்ணா பல்கலைக்கழகமும் இருக்கின்றன. மரம் தெரிந்தவர்களும் மண் விசை தெரிந்தவர்களும் ஒரே சரிவில் சேர்ந்து நிற்க வேண்டும்.

அவர்கள் அளக்க வேண்டியது என்ன? பர்லியார், குன்னூர், தொட்டபெட்டா என்று மூன்று உயரங்களில், எந்தச் செடியின் போத்து நூற்றுக்கு எத்தனை வேர் பிடிக்கிறது, ஓராண்டில் எவ்வளவு ஆழம் இறங்குகிறது, அந்த வேர் எத்தனை விசையில் அறுகிறது. கூடவே 50 மி.மீ. பி.வி.சி. குழாயில் கீறல் போட்டு, சுற்றிலும் மணல் நிரப்பி இறக்கிய நீர்மட்டக் குழாய்களும், 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதிகிற மழைமானியும். இரண்டும் ஒரே சரிவில் இருந்தால்தான் எத்தனை மி.மீ. மழைக்கு உள்ளே நீர் எவ்வளவு ஏறுகிறது என்று சொல்ல முடியும். மழை எச்சரிக்கையை மாவட்டம் முழுவதற்கும் ஒரே எண்ணில் விடாமல், இந்த வளைவுக்கு இவ்வளவு என்று விட அந்தத் தரவு வேண்டும்.

ஆய்வேடுகளில் அடிக்கடி காணும் ஒரு குறையையும் இங்கே சொல்லிவிடலாம். வேர் மண்ணுக்குத் தரும் கூடுதல் பலத்தை, வேரின் இழுவிசை பலத்தையும் மண்ணின் குறுக்குவெட்டில் வேர் அடைத்துள்ள பங்கையும் பெருக்கி, அதை 1.2 மடங்காக்கிக் கணக்கிடுவார்கள். 20 மெகா பாஸ்கல் பலமுள்ள வேர், ஆயிரத்தில் ஒரு பங்கு இடம் அடைத்திருந்தால் 24 கிலோ பாஸ்கல் வரும். காகிதத்தில் எந்தச் சரிவும் நின்றுவிடும். அந்தச் சூத்திரம் எல்லா வேரும் ஒரே கணத்தில் அறுகிறது என்று வைத்துக்கொள்கிறது. உண்மையில் மெல்லிய வேர் ஒன்று போன பிறகு அடுத்தது என்று தொடர்ந்து அறும்; பல வேர்கள் அறாமலே உருவிக்கொண்டு வரும். கிடைக்கும் பலம் கணக்கில் பாதி இருந்தாலே பெரிது. களத்தில் பெட்டி வைத்து வேரோடு கூடிய மண்ணை நேரடியாக வெட்டிச் சோதிக்காத ஆய்வை நம்பி ஆணியின் எண்ணிக்கையைக் குறைக்கக் கூடாது.

காலம் இன்னொரு சிக்கல். முதுநிலை மாணவருக்கு ஒரு பருவம், முனைவர் பட்டத்துக்கு மூன்று நான்கு ஆண்டு. சரிவின் கதை அதைவிட நீளம். சீகை (வாட்டில்) மரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அயல் மரங்களை அகற்றுவதற்கான கொள்கையைத் தமிழக அரசு 2022-ல் வெளியிட்டது. சோலைக்கும் புல்வெளிக்கும் நல்லது. ஆனால் சாலைக்கு மேலே செங்குத்தான இடத்தில் சீகையையும் கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) மறுபடி துளிர்க்காதபடி மொட்டையாக வெட்டினால் வேர் உடனே போய்விடாது. மெல்ல மக்கும். பழைய வேர் பலம் இழந்து புது வேர் இன்னும் ஊன்றாத இடைவெளி, வெட்டிய மூன்றாம் ஆண்டிலிருந்து பத்தாம் ஆண்டு வரைகூட நீளும். அதற்குள் ஒரு கனமழை வந்தால் இறங்கும். மரம் வெட்டிய நினைவே யாருக்கும் இராது. அங்கே பட்டை பட்டையாக, ஆண்டுக்கு ஒரு பட்டை என்று வெட்ட வேண்டும், ஜே.சி.பி. வைத்துத் தூரைப் பெயர்க்கக் கூடாது. இடையில் சோலைக் கன்றும் உள்ளூர்ப் புல்லின் தூரும் முன்கூட்டியே நட்டிருக்க வேண்டும். சீகை விதை பல பத்தாண்டுகள் மண்ணில் உயிரோடு கிடப்பதால் கன்று பிடுங்கும் வேலையும் தொடரும். இதையெல்லாம் ஒரு முனைவர் பட்டக் காலத்துக்குள் அளந்து முடிக்க வழியில்லை.

நீண்ட அளவீடு நம் ஊரில் நடக்காத காரியமுமல்ல. உதகையிலுள்ள மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் கிளன்மார்கனில் அடுத்தடுத்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை 1968 முதல் அளந்தது. 1972-ல் ஒன்றில் மட்டும் கற்பூர மரம் நட்டார்கள். மற்றதைப் புல்வெளியாகவே விட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுழற்சியில் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது, வெட்டிய அடிமரம் துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுழற்சியில் 25 சதவீதத்துக்கும் மேல். இருபது ஆண்டுக்கு மேல் பொறுமையாக அளந்ததால்தான் அந்த இரண்டாவது எண் கிடைத்தது. (கற்பூர மரம் மண்ணை உலர்த்துவதால் சரிவுக்கு நல்லதுதானே என்று இதை வைத்துச் சிலர் வாதிடுவதுண்டு. தொடர்மழையில் மண் ஏற்கெனவே ஊறிய பிறகு, ஒரு நாளில் பல நூறு மி.மீ. கொட்டும்போது மரம் குடிக்கிற நீர் ஒரு கணக்கே இல்லை.)

இந்த வேலைக்கு எல்லை உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. 2024 ஜூலை 30-ல் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலையை அழித்தது போல முகடே பெயர்ந்து ஓடை வழியே பாறையும் மரமுமாக இறங்கும்போது ஆணியோ போத்தோ ஒன்றும் செய்யாது. அங்கே கேட்க வேண்டியது, ஓடை இறங்கும் பாதையில் வீடு இருக்கலாமா என்பது. நாம் பேசுவது சாலையோரத்தில் மனிதன் வெட்டிய முகங்களை.

கோரிக்கைகள் சில. போத்துக்கு எண்ணிக்கையில், தென்னைநார் வலைக்குச் சதுர மீட்டரில், களை எடுப்புக்கும் வடிகால் துப்புரவுக்கும் ஆண்டுக் கணக்கில் என்று தனித்தனி விலை விகிதம் வேண்டும். மொத்தமாகப் ‘பசுமைப் போர்வை’ என்று ஒரே வரி எழுதினால் குழம்பு பீய்ச்சிய அன்றே பில் தயாராகிவிடும். நடவுப் பகுதியின் ஒப்பந்தத்தை, சுவர் வேலையிலிருந்து பிரித்து மே மாதத்தில் (கூடலூர்ப் பக்கம் ஏப்ரலில்) தொடங்குவதாக விட வேண்டும். மூன்று உயரங்களிலும் சாலையோரத்தில் தலா 100 மீட்டரையாவது பல்கலைக்கழகங்களுக்குப் பத்தாண்டுக்கு ஒதுக்கி, அதில் ஒரு துண்டை ஒன்றும் செய்யாமல் ஒப்பீட்டுக்கு விட்டுவைக்க வேண்டும். நடவுத் தொகையில் மூன்றில் ஒரு பங்கை இரண்டாவது நவம்பர் வரை நிறுத்திவைத்து, டிசம்பரில் உயிரோடு இருக்கும் செடிகளை எண்ணி, அந்த எண்ணுக்கு மட்டும் எம் புக்கில் அளவு போட வேண்டும்.

இப்படிக்கு,
மலைச்சாலைச் சரிவுப் பணியில் உள்ள பொறியாளர்,
குன்னூர்.